பதினேழாம் ஆணி

எங்கள் தொழிலில் திருடர்கள் கிடையாது. நாணய விளையாட்டுப் பெட்டி உற்பத்தியாளர் நல்லொழுக்கச் சங்கத்தின் சட்டப் புத்தகம் முதல் பக்கத்திலேயே அப்படித்தான் சொல்கிறது. சிகாகோவில் பெட்டி செய்கிற முதலாளிகள் எட்டுப் பேரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எட்டுக் கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை.

பெட்டி என்று நான் சொல்வது, முடிவெட்டும் கடையிலும் பீர்க் கடையிலும் மேசைமேல் வைத்திருப்பார்களே, அது. சாய்வான பலகை, அதில் நூற்றுப் பத்து ஆணி, எண் போட்ட குழிகள், மேலே கண்ணாடி. ஒரு சென்ட் போட்டால் ஏழு கோலி வரும். வில் வைத்த கோலை இழுத்துவிட்டால் கோலி மேலே ஏறி, ஆணிகளில் முட்டி முட்டி இறங்கும். குழியில் விழுந்தால் எண்ணிக்கை. விழாவிட்டால் அடுத்த சென்ட். ஊரில் பாதிப் பேருக்கு வேலையில்லாத காலம் அது. கோலி என்ன செய்ததோ அதைத்தான் நாங்களும் செய்துகொண்டிருந்தோம்.

நான் பதினான்கு வருடம் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவன். மாடுகளைப் பட்டியிலிருந்து பட்டிக்கு ஓட்டிவிடுகிற வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் அங்கே ஆள் குறைத்தபோது, குறைந்தவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு அந்த எட்டு முதலாளிகளில் ஒருவரான பார்லோவின் கம்பெனியில் ஆணி அடித்தேன். துளை போட்ட பித்தளைத் தகட்டைப் பலகைமேல் வைத்து, துளைக்கு ஓர் ஆணி. நாளைக்கு நாற்பது பலகை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட என் கை தொடையில் தட்டிக்கொண்டிருக்கும். என் மனைவி பெத்ரோனா தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடிப்பாள்.

புதுப் பெட்டி எப்படிப் பிறக்கிறது என்பதை அங்கேதான் பார்த்தேன். வேறு கம்பெனி புதிதாக ஏதாவது வெளியிட்டால் பார்லோவின் ஆள் மதியத்துக்குள் ஒன்றை வாங்கி வந்துவிடுவான். கண்ணாடியைக் கழற்றி, பலகைமேல் மெழுகுத்தாளை விரித்து, ஒவ்வோர் ஆணித் தலையையும் பென்சிலால் குறிப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பித்தளைத் தகடு தயார். அவர்கள் பெட்டிக்கு ‘ராணி’ என்று பெயர் இருந்தால் எங்களுடையது ‘மகாராணி’. அடுத்த வாரம் இன்னொருவர் ‘சக்கரவர்த்தினி’ போடுவார். இதற்குத் தொழிலில் மேம்பாடு என்று பெயர். பச்சை வண்ணத்தைச் சிவப்பாக்குவதும் மேம்பாடுதான். வண்ணத்தை மாற்ற மறந்துவிட்டால் அது மரியாதை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நான் சொந்தமாக ஒரு பெட்டி செய்தேன். யாரிடமும் அப்படி ஒரு பழக்கத்தைப் பார்த்ததில்லை, ஆனாலும் செய்தேன். நிலக்கரிக் கொட்டகையில் பெத்ரோனா விளக்கைப் பிடிக்க, நாலு மாதம் ஆனது. பெயர் ‘மாட்டுச் சந்தை’. பலகையின் நடுவில் ஒரு பட்டி. அதற்குள் விழுகிற கோலி அடைபட்டுக்கொள்ளும். அடுத்த கோலி பக்கத்துக் குழியில் விழுந்தால் அதன் கனத்தில் அடியில் ஒரு கம்பி தாழும், பட்டியின் கதவு திறக்கும், அடைபட்டது வெளியே ஓடிவந்து மறுபடியும் எண்ணிக்கை சேர்க்கும். மின்சாரம் இல்லை, ஒன்றுமில்லை. கம்பியும் கனமும் மட்டும். இறைச்சிக் கூடத்தில் எந்தக் கதவும் வெளியே விடுகிற பக்கமாகத் திறந்து நான் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ அதைச் செய்தேன்.

எங்கள் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் ஜெர்லாண்டோ அதை ஒரு நாள் தன் கடையில் வைத்துப் பார்த்தார். பாதி மழித்த முகத்தோடு ஆட்கள் நாற்காலியைவிட்டு எழுந்து வந்தார்கள். கெல்லர் என்கிற விநியோகஸ்தர் வந்து பார்த்தார். இரண்டு தடவை கதவைத் திறக்க வைத்தார்.

“நூறு பெட்டி எடுத்துக்கறேன்” என்றார். “அடியில சங்கத்து முத்திரை மட்டும் இருக்கணும். முத்திரை இல்லாத பெட்டியத் தொட்டா எட்டு முதலாளியும் எனக்குச் சரக்கு தரமாட்டாங்க.”

நூறு பெட்டி என்றால் ஆணி மேசைக்கு இனி நான் போக வேண்டாம். பெட்டியின் அடியில் பிரானாஸ் வெங்கிரிஸ் என்று என் பெயர் இருக்கும். நானும் பெத்ரோனாவும் அந்த வாரம் வேறு எதையும் பேசவில்லை. அரசாங்கக் காப்புரிமை வாங்கினால் என்ன என்று கேட்டேன். நகரத்து வக்கீல், அதற்கு இரண்டு வருடம் ஆகும் என்றார். ஒரு பெட்டியின் ஆயுள் மூன்று மாதம். ஆகவே முத்திரையோடு சங்கம் கொடுக்கிற முதற்படைப்புச் சான்று ஒன்றுதான் வழி.

சங்கத்து உறுப்பினரிடம் வேலை பார்ப்பவன் விண்ணப்பம் போட முடியாது என்று விதி ஒன்பது சொன்னது. சொந்த லாபத்துக்காக முதலாளியின் இரகசியங்களை வெளியே கொண்டுபோய்விடுவானாம். பார்லோவின் இரகசியம் மெழுகுத்தாள் மட்டும்தான். இருந்தாலும் வேலையை விட்டேன்.

சங்கத்து அலுவலகம் நகரத்தின் நடுவே ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருந்தது. சுவரெல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்ட முதற்படைப்புச் சான்றுகள். ‘ராணி’க்கு ஒன்று, ‘மகாராணி’க்கு ஒன்று, ‘சக்கரவர்த்தினி’க்கு ஒன்று. செயலாளர் டிரெக்ஸ்லர் என் விண்ணப்பத்தை முழுக்கப் படித்தார். மென்மையாகப் பேசுகிறவர்.

“ஏழாவது கேள்விக்குப் பதில் எழுதலையே. இந்தப் பெட்டி எதைப் போல இருக்கு?”

“எதைப் போலவும் இல்லைங்க சார். நானே யோசிச்சது.”

“அப்படிச் சொல்லாதீங்க. எதைப் போலவும் இல்லாத பெட்டிய நாங்க எதோட ஒப்பிட்டுப் பாக்கறது? ஒப்பிட்டுப் பாக்காம இது புதுசுன்னு எப்படிச் சொல்றது?”

“ஏதாவது ஒண்ணு மாதிரி இருந்தா?”

“அப்ப அது புதுசு இல்ல.”

நான் பேனாவை மையில் தோய்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

“பொதுவா எல்லாரும் என்ன எழுதுவாங்க சார்?”

“பொதுவா யாரும் விண்ணப்பம் போடறதில்ல. உறுப்பினர்களே ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கறதுதான் வழக்கம்.”

அந்த இடத்தில் ‘மாடு’ என்று எழுதினேன். அவர் மைத்தாளால் ஒற்றி எடுத்து, “இது போதும்” என்றார். “இனி நாப்பது நாள் பெட்டி இங்க பார்வை அறையில இருக்கும். எட்டு உறுப்பினரும் வந்து பார்ப்பாங்க.”

“எதுக்குங்க?”

“தெரியாம நகல் எடுத்துடக் கூடாது பாருங்க. எதை எடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சாத்தானே எடுக்காம இருக்க முடியும். அதுவும் நுணுக்கமாத் தெரிஞ்சிருக்கணும். ஒரு ஆணி கண்ணுல படாமப் போனாலும், அந்த ஒரு ஆணிய யாராவது கள்ளமில்லாம எடுத்துட வாய்ப்பிருக்கு. ஆணி, கம்பி, கதவு எல்லாத்துக்கும் அளவோட ஒரு படமும் குடுத்துடுங்க.”

படத்தையும் கொடுத்தேன். பெத்ரோனா அதை நீல நாடாவால் கட்டியிருந்தாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பெட்டியில் ஒரு தப்பு இருந்தது. ஆயிரம் என்று எழுதிய குழிதான் எல்லாவற்றிலும் பெரியது. அதற்கு மேலே பதினேழாம் ஆணி வர வேண்டிய இடத்தில் பலகையில் ஒரு கணு. ஆணி அடித்தால் வளைந்தது. மூன்று ஆணி வளைந்த பிறகு அரை அங்குலம் தள்ளி அடித்தேன். அதன் பிறகு ஆயிரத்துக்குள் கோலி நுழைய வழியே இல்லாமல் போனது. பெத்ரோனா ஒரு மத்தியானம் முழுக்க இழுத்துவிட்டுப் பார்த்தாள், ஒன்றுகூட விழவில்லை. வேறு பலகை வாங்க அப்போது கையில் காசு இல்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. படத்தில் ஆணியைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறேன், பெட்டியை அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் கதவுக்கு எண்ணெய் போடலாம் என்று பார்வை அறைக்குப் போனேன். வாசலில் மிஸ் ஃபின்னெகன் என்கிற எழுத்தர் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெழுகுத்தாள் சுருள் சுருளாக இருந்தது. சுவரில் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை. உள்ளே என் பெட்டியைச் சுற்றி ஆறேழு பேர் முழங்காலிட்டிருந்தார்கள். பூசை நடக்கிறதோ என்று நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

“நீதானா இதைச் செஞ்சவன்?” என்றார் ஒருவர், தலையை நிமிர்த்தாமல். “இந்தக் கம்பி என்ன கனம்?”

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

“கதவு சிக்குது” என்றார் இன்னொருவர், கோபமாக. “சங்கத்துக்குக் கொண்டு வர்ற சரக்கா இது? நாங்க வேலைவெட்டி இல்லாதவங்கன்னு நினைச்சியா?”

“மன்னிச்சுக்குங்க சார். இதோ பாக்கறேன்” என்று பையிலிருந்து அரத்தை எடுத்தேன்.

“மெதுவா தேய். கோணத்தப் பாத்துக்கறேன்.”

மெதுவாகத் தேய்த்தேன். கதவு நன்றாகத் திறந்தது. எல்லோரும் தலையசைத்தார்கள். ஒருவர் எனக்கு ஒரு சுருட்டுக் கொடுத்தார். கிளம்பும்போதுதான் கவனித்தேன், படத்தைச் சுற்றிய நீல நாடா அவிழ்க்கப்படாமல் மூலையில் கிடந்தது.

“படத்த யாரும் பாக்கலையாம்மா?” என்று மிஸ் ஃபின்னெகனைக் கேட்டேன்.

“படத்தப் பாத்துச் செய்யறதுன்னா படிக்கணுமே” என்றார். “பெட்டி இருக்கறப்ப எதுக்கு?”

நாற்பது நாள் முடியுமுன்பே ஹால்ஸ்டெட் தெருவில் ‘குதிரைச் சந்தை’ வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் ‘ஆட்டுப் பட்டி’, ‘பன்றிக் கூடம்’, ‘காளை வேலி’. ஒன்றில் மட்டும் கோழிகள். எட்டுக் கம்பெனிக்கு எட்டுப் பெட்டி. ஜெர்லாண்டோ தன் கடையிலேயே ‘குதிரைச் சந்தை’ வைத்திருந்தார். நானும் பெத்ரோனாவும் உள்ளே நுழைந்ததும் கத்தியைத் தோல்வாரில் தீட்ட ஆரம்பித்தார்.

“கோவிச்சுக்காதே பிரானாஸ். உன்னோடதும் நல்ல பெட்டிதான். ஆனா அதுல முத்திரை இல்ல. இதுல இருக்கு பாரு, முதற்படைப்பு.”

பெத்ரோனா ஒரு சென்ட் போட்டு ஆடினாள். பிறகு இன்னொரு சென்ட். ஆடுவதற்கல்ல, குனிந்து பார்ப்பதற்கு.

“இங்க வா. இந்த ஆணியப் பாரு.”

பதினேழாம் ஆணி அரை அங்குலம் தள்ளி இருந்தது. பலகை ஒட்டுப்பலகை. கணு என்பதே அதில் கிடையாது. எதிரே பீர்க் கடைக்குப் போனோம். ‘ஆட்டுப் பட்டி’யிலும் ஆணி தள்ளித்தான் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எட்டையும் பார்த்துவிட்டோம். எட்டிலும் ஆயிரத்துக்குள் கோலி போக வழியில்லை. எல்லாக் கடையிலும் ஆட்கள் வரிசையில் நின்று அந்த ஆயிரத்துக்குக் குறிவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுக்கு மேல சாட்சி வேணுமா?” என்றாள் பெத்ரோனா. “ஒருத்தனாவது தப்பத் திருத்தியிருந்தா நமக்கு வாதமே இல்ல. முட்டாளுங்க நம்மளக் காப்பாத்திட்டாங்க.”

அன்றைக்கு அவள் முட்டைக்கோஸ் சூப்பில் கொழுப்பு அதிகமாகப் போட்டாள். எங்கள் வீட்டில் அது பண்டிகைக்குச் சமம்.

சங்கத்தில் புகார் கொடுத்தோம். விசாரணை நாற்பத்து மூன்றாம் நாள் நடந்தது. உயரமான மேடையில் எட்டு நாற்காலி. நடுவில் தலைவர், என் பழைய முதலாளி பார்லோ. முதலில் எல்லோரும் எழுந்து நின்று, சட்டப் புத்தகத்தின்மேல் கைவைத்து, “எங்கள் தொழிலில் திருடர்கள் கிடையாது” என்று சேர்ந்து சொன்னார்கள். நாங்களும் எழுந்து நின்றோம். பிறகு ஒவ்வொருவரும் தொடக்க உரை ஆற்றினார்கள். முதலாமவர், “சிந்தனையே நம் தொழிலின் முதுகெலும்பு” என்றார். இரண்டாமவர், “சிந்தனையே நம் தொழிலின் உறுதியான முதுகெலும்பு” என்றார். மூன்றாமவர் அதையே சொல்லிவிட்டு மேசையைத் தட்டினார். அது மேம்பாடு. நாலாவது ஆளிலிருந்து மிஸ் ஃபின்னெகன் ‘மேற்படி’ என்று எழுதிவிட்டுப் பென்சிலை வைத்தார்.

பார்லோ என்னைப் பார்த்தார். “சொல்லு வெங்கிரிஸ். உன் குறை என்ன?”

“எட்டுப் பெட்டியும் என் பெட்டிய வச்சு எடுத்த நகலுங்க சார்.”

“நகல்னு ஒரு சொல் இந்த அறையில கிடையாது. ஒத்த சிந்தனைன்னு சொல்லு.”

“எட்டுப் பேருக்கும் எப்படிங்க ஒரே சிந்தனை வரும்?”

“பெரிய மனுஷங்க ஒரே மாதிரிதான் சிந்திப்பாங்க. அதனாலதான் சங்கம்னு ஒண்ணு வச்சிருக்கோம்.”

நான் பதினேழாம் ஆணியைக் காட்டினேன். என் பலகையின் கணுவைக் காட்டினேன். வாடகைக்கு எடுத்துத் தூக்கி வந்திருந்த ‘குதிரைச் சந்தை’யைக் காட்டினேன். எட்டுப் பேரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். பழக்கத்தில் ஒருவர் பையிலிருந்து மெழுகுத்தாளை எடுத்துவிட்டு, உடனே மடித்து உள்ளே வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று பெத்ரோனா என் முழங்கையைக் கிள்ளினாள்.

“இந்த ஆணிய நீ ஏன் அங்க அடிச்ச?” என்றார் பார்லோ.

“சொன்னேனே சார். கணு இருந்தது. ஆணி வளைஞ்சது. தள்ளி அடிச்சேன்.”

“அதாவது, யோசிச்சு அடிக்கல.”

“இல்லைங்க. தப்பா அடிச்சது.”

“எழுதிக்கோ மிஸ் ஃபின்னெகன். விண்ணப்பதாரர் யோசிக்கவில்லை.” பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “நீங்க ஏன் அங்க அடிச்சீங்க?”

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “தலைவர் அவர்களே, என் பலகையில் கணு இல்லை. ஆகவே எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. முழுச் சுதந்திரத்தோடு, நன்றாக ஆலோசித்தே அந்த ஆணியை அங்கே அடித்தேன். ஆயிரம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்குக் கிடைக்கக் கூடாது. கிடைத்துவிட்டால் ஏழை மனிதன் வீட்டுக்குப் போய்விடுவான். இந்தக் காலத்தில் வீட்டில் அவனுக்கு என்ன இருக்கிறது? அவனைக் கடையிலேயே நம்பிக்கையோடு நிற்க வைக்கிறோம். இதை நாங்கள் சேவையாகத்தான் செய்கிறோம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தவர் எழுந்து, “நானும் முழுச் சுதந்திரத்தோடு” என்று ஆரம்பித்தார். மிஸ் ஃபின்னெகன் ‘மேற்படி’ போட்டார்.

“படத்தப் பாருங்க சார்” என்றாள் பெத்ரோனா. அவளைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. “படத்துல இவரு ஆணிய நேராப் போட்டிருக்காரு. படம் உங்க கையிலதான் நாப்பது நாளா இருக்கு. அதைப் பாத்தா எது முதல்ல வந்ததுன்னு தெரியும்.”

நீல நாடாவை அவிழ்த்தார்கள். டிரெக்ஸ்லர் படத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தார். பார்லோவின் காதில் ஏதோ சொன்னார். பார்லோவின் முகம் தெளிந்தது.

“வெங்கிரிஸ், இந்தப் படம் நீ வரைஞ்சதுதானே?”

“ஆமாங்க.”

“படத்த முதல்ல வரைஞ்சியா, பெட்டிய முதல்ல செஞ்சியா?”

“படம்தாங்க முதல்ல.”

“அப்ப பெட்டிங்கறது படத்தோட நகல்.”

பார்லோ படத்தையும் பெட்டியையும் மாறி மாறிச் சுட்டிக்காட்டினார்.

“அதையும் நீ ஒழுங்கா எடுக்கல. உன் படத்தையே உன்னால சரியா நகல் எடுக்க முடியல. இங்க இருக்கற எட்டுப் பேர்ல ஒருத்தர் வேலையிலாவது ஒரு ஆணி தவறியிருக்கா சொல்லு. இவங்களுக்கு நிகரா நீ உன்ன முதற்படைப்பாளின்னு சொல்லிக்கறதுக்குக் கூச்சமா இல்லையா?”

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவர்கள் எல்லோரும் அவ்வளவு நிச்சயமாக இருந்தார்கள்.

தீர்ப்பை டிரெக்ஸ்லர் படித்தார். எட்டு உறுப்பினர்கள் காரணத்தோடு செய்ததை விண்ணப்பதாரர் விபத்தாகச் செய்திருக்கிறார். விபத்து, படைப்பு ஆகாது. ஆகவே முதற்படைப்பு எட்டுப் பேருக்கும் கூட்டாக உரியது. விண்ணப்பதாரரின் பெட்டி ஒன்பதாவது. எங்கள் தொழிலில் திருடர்கள் கிடையாது என்பதால் அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. எட்டுப் பெட்டியிலிருந்தும் ஏதாவது ஒரு வகையில் மாறுபட்டிருக்குமானால், மூன்றாம் வகை மேம்பாடு என்ற தகர முத்திரையோடு அதைச் செய்துகொள்ள அவருக்கு அனுமதி உண்டு. பிறகு எட்டுப் பேரும் இறங்கிவந்து எனக்குக் கைகொடுத்தார்கள். கதவு சிக்குகிறது என்று கோபப்பட்டவர் என் தோளைத் தட்டி, “உன்கிட்ட திறமை இருக்கு. யாரையாவது பாத்துக் கத்துக்கோ” என்றார்.

லிஃப்டில் இறங்கும்போது பெத்ரோனா கேட்டாள்: “ஜெயிச்சோமா, தோத்தோமா?”

“தெரியல. கைகுடுத்தாங்க.”

“அப்ப தோத்துட்டோம்.”

ஆனாலும் கெல்லர் இன்னும் கதவை மூடவில்லை. மூன்றாம் வகையானாலும் முத்திரை முத்திரைதான் என்றார். ஒரு வாரம் ஏதாவது ஒரு கடையில் வைத்து ஆட்கள் ஆடினால் நூறு இல்லாவிட்டாலும் முப்பது எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முப்பது போதும் என்று நினைத்தோம். முப்பதில் ஆரம்பித்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எட்டிலிருந்தும் எப்படி மாறுபடுவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பெத்ரோனா தன் கல்யாணக் கம்பளியை விற்றாள். கணு இல்லாத பைன் பலகை ஒன்று வாங்கினோம். படத்தில் இருக்கிற இடத்தில் பதினேழாம் ஆணியை அடித்தேன். நூற்றுப் பத்து ஆணியும் நேராக நின்றன. கதவு காற்றுப் பட்டால் திறக்கிற மாதிரி இருந்தது. பெத்ரோனா முதல் கோலியை விட்டாள். அது இறங்கி, தயங்கி, ஆயிரத்தில் விழுந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என் கையால் நான் செய்தவற்றில் ஒரு குறையும் இல்லாத பொருள் அது ஒன்றுதான்.

ஜெர்லாண்டோ ‘குதிரைச் சந்தை’க்குப் பக்கத்தில் அதை வைத்தார். முதலில் ஆடியவர் ஓல்சன், வேலையில்லாத ரயில்வேக்காரர், நாலு மாதமாக அந்தக் கடையில்தான் இருக்கிறார். மூன்றாவது கோலி ஆயிரத்தில் விழுந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தார். பின்பக்கம் தடவினார்.

“இதுல ஏதோ கோளாறு” என்றார்.

“ஆயிரத்துல விழுந்திருக்கு” என்றேன்.

“அதான் சொல்றேன். அதுல விழாது.”

“சரியாக் குறி வச்சா விழும்.”

“இத்தன வாரமா நான் குறி வைக்கலையா? எனக்கு ஆடத் தெரியாதுங்கறியா?”

அடுத்தவர் ஆடினார். அவருக்கும் விழுந்தது. அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, “பொம்மை” என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமைக்குள் அந்தப் பெட்டிக்குப் போலி என்று பெயர் வந்துவிட்டது. அசல் எது என்று ஊருக்குத் தெரியும். அசலில் ஆயிரம் விழாது. ‘குதிரைச் சந்தை’க்கு முன்னால் வரிசை இன்னும் நீளமானது. என் பெட்டி முன்னால் ஓல்சன் மட்டும் நின்று, வருகிறவர்களிடம் அதன் குறைகளை விளக்கிக்கொண்டிருந்தார்.

கெல்லர் சனிக்கிழமை வந்தார். ஒரு சென்ட் போட்டார். ஆயிரம் விழுந்தது. வெகுநேரம் பெட்டியைப் பார்த்தார்.

“நல்ல வேலை வெங்கிரிஸ்” என்றார். “இப்படி ஒரு வேலைய நான் பாத்ததில்ல. ஆனா இதை ஆடிட்டுப் போறவன் திரும்பி வரமாட்டான்.”

“போனா போகட்டும் சார். ஜெயிச்சிட்டுத்தானே போறான்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஜெர்லாண்டோ முடி வெட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்: “எடுத்துட்டுப் போயிடு பிரானாஸ். கடைக்குக் கெட்ட பேரு வருது.”

நானும் பெத்ரோனாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீட்டுக்குத் தூக்கி வந்தோம். கொட்டகையில் இறக்கிவைத்தபோது அவள், “திங்கக்கிழமை காலையில வெள்ளனே கிளம்பு” என்றாள். “வரிசை பெரிசா இருக்கும்.”

வரிசை பெரியதாகத்தான் இருந்தது. ஆஷ்லாண்ட் சாலையில் எட்டுக் கம்பெனிகளில் ஒன்றில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்லோவிடம் திரும்பப் போக மனம் வரவில்லை, மற்றபடி எதுவானால் என்ன. பதினோரு மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் இளம் வயது, நல்ல மாதிரி.

“ஆணி அடிச்சிருக்கீங்களா?”

“அடிச்சிருக்கேன் சார்.”

“இங்க ‘ஆட்டுப் பட்டி’ போடறோம். மத்த பெட்டி மாதிரி இல்ல இது, நுணுக்கம் ஜாஸ்தி. உள்ள ஒரு கதவு இருக்கு. கை பழக ஒரு வாரம் ஆகும். எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேன்.”

“எங்க?”

“முடிவெட்டற கடையில.”

“பரவால்ல, கத்துக்கலாம்” என்றார். பித்தளைத் தகட்டை என் முன்னால் வைத்து, முதல் துளையிலிருந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டி, எதற்கு எது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.